புதுப்பிப்பு: கடைத்தெரு மண்டலத்தில் மாற்று உயர்நிலைப் பள்ளி – அனுமதி கிடைத்தது

இல்லினாய் மாநிலத்தில், குடியிருப்பை ஒட்டிய வணிக மண்டலத்தில் காலிக் கடையொன்றை மாற்று உயர்நிலைப் பள்ளியாக்குவது (வழக்கமான பள்ளி ஒத்துவராத மாணவர்களுக்கானது) பற்றிக் கேட்டிருந்தேன். வழிகாட்டியவர்களுக்கு நன்றி, சிறப்புப் பயன்பாட்டு அனுமதி (அந்த மண்டலத்தில் தானாக அனுமதிக்கப்படாத பயன்பாட்டுக்குத் தனியாகத் தருவது) வந்துவிட்டது.

கைகொடுத்தது, விண்ணப்பத்தோடு போக்குவரத்துத் திட்டத்தையும் இணைக்கச் சொன்ன யோசனைதான்: பிள்ளைகளை இறக்கிவிடும் இடம், வகுப்பு முடியும் நேரம், மாணவர் உச்சவரம்பு. அந்த உச்சவரம்பே அனுமதியின் நிபந்தனையாகவும் ஆகிவிட்டது.

எதிர்பாராதது மதுக்கடை விவகாரம். பள்ளிக்கு 100 அடிக்குள் மது உரிமம் தர மாநிலச் சட்டத்தில் தடை உண்டு (விலக்குகளும் உண்டு). பள்ளி வந்தால் தங்கள் இடத்துக்கு மது உரிமம் கிடைக்காது என்றுதான் பக்கத்துக் கட்டட உரிமையாளர்கள் எதிர்த்தார்கள், மாணவர்கள் வருவதற்காக அல்ல.

மண்டல அனுமதியோடு வேலை முடியாது. கட்டட விதிப்படி கடை வகையிலிருந்து கல்வி வகைக்கு மாற்றிப் புதிய பயன்பாட்டுச் சான்றிதழ் (கட்டடத்தை அந்த வகையில் பயன்படுத்தலாம் என்ற சான்று) வாங்க வேண்டும். வகுப்பறையில் எத்தனை பேர் என்பதை ஆளுக்கு 20 சதுர அடி என்று கணக்கிடுவார்கள். 49 பேரைத் தாண்டினால் இரண்டு வெளியேறும் வழி. பின்கதவு இல்லாத கடை என்றால் வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே யோசியுங்கள்.