அதிகாலை விண்கல் மழை: மணிக்கு 50 என்கிறார்கள், தெரிவது 5 கூட இல்லையே?

புதுநோக்கர்:
மே 5, 6 தேதிகளில் உச்சம் தொடும் ஈட்டா அக்வாரிட்ஸ் பற்றித்தான். பட்டியல்களில் மணிக்கு 50 என்று இருக்கிறது. வெறும் கண்ணுக்கு உண்மையில் எத்தனை கிடைக்கும்? எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? பைனாகுலர் உதவுமா?

சாய்நாற்காலி:
அந்த 50 இசட்.எச்.ஆர். என்ற கணக்கு எண். விண்கற்கள் கிளம்புவதுபோலத் தெரியும் புள்ளி (ரேடியன்ட்) நேர் உச்சியில் இருந்து, 6.5 மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடக்கூட மங்கல்) வரை நட்சத்திரம் தெரியும் வானமும் அமைந்தால் மட்டுமே அது பொருந்தும். உங்கள் வானத்துக்கு இப்படிக் குறையுங்கள்: ரேடியன்ட் 30 பாகை உயரத்தில் இருந்தால் பாதி போச்சு, 25. வானம் 5.5 வரைதான் காட்டுகிறது என்றால், ஒரு மேக்னிட்யூட் குறைந்ததற்காக அதை 2.4 ஆல் வகுக்க, சுமார் 10. வெளிச்சம் கலந்த 4.5 வானம் என்றால் இன்னொரு முறை வகுக்க வேண்டும், 4 தான் மிஞ்சும். கேள்வியிலேயே பதில் இருக்கிறது!

அருந்ததி தெரிகிறதே, நல்ல வானம்தான் என்று நம்பிவிடாதீர்கள். அதன் மேக்னிட்யூட் 4 தான். பால்வீதி பளிச்சென்று தெரிய வேண்டும்.

ரேடியன்ட் கும்ப ராசியில், கிழக்கே இரவு சுமார் 2 மணிக்குத்தான் உதிக்கும். அதனால் 3 முதல் 5 வரை பாருங்கள். அதையே முறைத்துப் பார்க்க வேண்டாம். அருகில் வருபவை குட்டையாகத் தெரியும். 40, 50 பாகை தள்ளி, வானத்தின் பாதி உயரத்துக்கு மேலே பார்வை இருக்கட்டும். பைனாகுலர் வேண்டாம், பார்வைப் பரப்பு சுருங்கிவிடும். வினாடிக்கு 66 கி.மீ. வேகம் என்பதால் சில கற்கள் போன பிறகும் தடம் சில வினாடிகள் நிற்கும். அதைப் பார்க்க மட்டும் பைனாகுலரை எடுக்கலாம்.

விடிவெள்ளி:
'5 வரை' எல்லா ஊருக்கும் பொருந்தாது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை வந்ததுமே வானம் வெளுக்கத் தொடங்கும். நிலநடுக்கோட்டுப் பக்கம் அது சூரிய உதயத்துக்கு ஏறக்குறைய 75 நிமிடம் முன்பு. வடக்கே 50 பாகையில் மே மாதம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அங்கே ரேடியன்ட் எழுந்த கொஞ்ச நேரத்தில் இருட்டே முடிந்துவிடும். உங்கள் உதய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

இன்னொன்று, கண். இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் கட்டுங்கள்.

ட்ரைபாட்:
படம் எடுப்பதானால் 14 முதல் 24 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200, 15 வினாடி, இடைவெளியில்லாமல் தொடர் படங்கள். 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' அணைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு 15 வினாடிக்கும் அடுத்த 15 வினாடி கேமரா குருடு. ஆட்டோஃபோகஸையும் அணைத்து, பிரகாசமான நட்சத்திரத்தை லைவ் வியூவில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, வளையத்தை டேப் ஒட்டி நிறுத்துங்கள்.

விடியற்காலையில் படங்கள் திடீரென மங்கினால் அநேகமாக லென்ஸில் படிந்த பனிதான். துடைத்தால் ஃபோகஸ் நகரும். முதலிலேயே லென்ஸைச் சுற்றி ஹீட்டர் பட்டை கட்டிவிடுங்கள். கோடு அடுத்த படத்திலும் தொடர்ந்தால் அது செயற்கைக்கோளோ விமானமோதான், விண்கல் அல்ல.