மறக்கப்பட்ட நாயகர்களுக்குத் தனித்தொடர்: எது அவர்களை மீட்கிறது?

கேள்வி:
அமெரிக்கப் படக்கதைப் பதிப்பகமான டிசி காமிக்ஸில் 1965-இல் அறிமுகமாகி, இருபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத அனிமல் மேன், 1988-இல் கிராண்ட் மாரிசன் எழுதிய தனித்தொடரால் தலைநிமிர்ந்தார். இத்தகைய மீட்சிக்குப் புதிய சக்தியும் புதிய உடையும் போதுமா?

பதில் 1:
உடையால் ஆவது ஒன்றுமில்லை. நான்கு இதழ்களோடு முடிவதாக இருந்த அக்கதை நெடுந்தொடராக வளர்ந்ததற்கு, அனிமல் மேனாகிய பட்டி பேக்கரை மனைவி எலன், இரு பிள்ளைகள், வேலை என்று கவலைப்படும் குடும்பத்தலைவராக மாரிசன் காட்டியதே காரணம் என்பேன். விலங்குகளின் ஆற்றலைக் கடன் வாங்குபவர் அவற்றின் வலியையும் உணர வேண்டாமா என்ற கேள்வி, அவரைப் புலால் மறுப்பவராகவும் ஆய்வுக்கூடக் கொடுமைகளை எதிர்ப்பவராகவும் மாற்றுகிறது. ஐந்தாம் இதழில், பாலைவனச் சாலையில் லாரி மோதிச் சிதைந்த கொயோட்டி (ஓநாய் இனத்து வட அமெரிக்க விலங்கு) ஒன்று மீண்டும் எழுகிறது. தன் கதை முழுவதையும் எழுதி அது நீட்டும் சுருளை, நம் நாயகரால் படிக்கவே முடிவதில்லை. அந்தப் பக்கத்தை என்னால் இன்றும் எளிதாகக் கடக்க இயலவில்லை.

பதில் 2:
ஒப்புக்கொள்கிறேன், ஆயினும் பழைய வரலாற்றை ஒதுக்காமல் அதற்குள்ளேயே புதுப்பொருள் காண்பதும் முக்கியம். ஜேம்ஸ் ராபின்சன் 1994-இல் தொடங்கிய தொடரில், 1941-இல் தோன்றிய ஸ்டார்மேன் என்ற சாகச நாயகரின் மகனான ஜாக் நைட், பழம்பொருள் கடை நடத்துபவர். தந்தையின் உடையை மறுத்துத் தோல் மேலங்கி அணிந்தாலும், தந்தையின் ஆற்றல் கோலை ஏந்தவே செய்கிறார்.

பதில் 3:
விற்பனைச் சுமை இல்லாத பாத்திரம் என்பதால்தான் எழுத்தாளருக்கு இந்தச் சுதந்திரம் கிடைக்கிறது. பேட்மேனை வைத்து இவ்வளவு துணிந்து எழுதப் பதிப்பகம் எளிதில் சம்மதிக்காது.