புதுப்பிப்பு: பயிற்சியில் படித்தது மறந்துபோகிறது – எது கைகொடுத்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கேட்டிருந்தது இதுதான்: தீயணைப்பான் பயிற்சியில் அன்றைக்கே தேர்வில் தேறியவர்கள், சில வாரம் கழித்துக் கேட்டால் படிகளை மாற்றிச் சொல்கிறார்கள்.

கைகொடுத்தது, இடைவெளி விட்டுக் கேள்வி கேட்கும் யோசனை. பயிற்சி முடிந்து 1, 3, 7, 21ஆம் நாள்களில், குறிப்பைப் பார்க்காமல் ஐந்து கேள்விகள். தவறினால் அந்தக் கேள்வி மட்டும் மறுநாள் திரும்ப வரும். கையேட்டை மறுபடி வாசிக்கவைத்தது பயன்படவில்லை. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், கேட்டால் வாயில் வராது.

எதிர்பாராத சிக்கல் கேள்வி எழுதிய விதத்தில் இருந்தது. "இயக்கும் படிகள் என்ன?" என்று ஒரே கேள்வி அட்டையில் கேட்டால், நான்கு படிகளில் ஒன்று விட்டாலும் முழு அட்டையும் தவறாகித் திரும்பத் திரும்ப வந்தது. படிக்கு ஒன்றாகப் பிரித்ததும் சரியானது: "பாதுகாப்பு பின்னை இழுத்தாயிற்று, குழாய் முனையை எங்கே நீட்டுவது?" விடை: தழலின் உச்சிக்கு அல்ல, நெருப்பின் அடிக்கு. வரிசையையும் கட்டாயம் கலைக்க வேண்டும். இல்லையென்றால் முந்தைய கேள்வியே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆன்கி (Anki) என்ற, கேள்வி அட்டைகளை இடைவெளி விட்டுக் காட்டும் செயலியில் செய்கிறவர்களுக்கு: நாளுக்கு 20 புது அட்டைகள் என்பது அதன் இயல்பமைப்பு. வேலைக்கு நடுவில் படிப்பவர்களுக்கு அது அதிகம், மீள்பார்வை மலையாகக் குவிந்துவிடும். 5 போதும்.