வெளியிலிருந்து ரவுட்டருக்கு வர்ற திருட்டு லாகின் முயற்சி நிக்க மாட்டேங்குது, ட்ராப் ரூல் போட்டும் பலன் இல்ல. அவசரம்!!

கரூர்_தறி | இரவு 9:12
வணக்கமுங்க. ஆபீஸ் ரவுட்டர் லாக் முழுக்க சிவப்பு சிவப்பா லாகின் ஃபெயிலியர். ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள்னு ஒவ்வொரு பேரா போட்டுப் பாக்குறானுங்க, எல்லாம் எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து கமாண்ட் போட உள்ள போற வழி) வழியா. வீடியோ பாத்து அதோட போர்ட் 22-க்கு ட்ராப் ரூல் (வர்ற பாக்கெட்டைத் தூக்கிப் போடுற ஃபயர்வால் ரூல்) போட்டேன், ஒண்ணும் நிக்கல. ஆனா நான் வீட்ல இருந்து உள்ள போறது கட் ஆகக்கூடாது. காலைல ஓனர் வர்றதுக்குள்ள முடிக்கணும், யாராச்சும் சொல்லுங்க.

பாக்கெட்_பாண்டி | 9:20
என்ன ரவுட்டர்? என்ன வெர்ஷன்? ரூல் எந்த செயின்ல இருக்கு? லைன் எப்படி வருது?

கேபிள்_ராஜா | 9:24
ரவுட்டரை அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க ப்ரோ. ஐபி மாறிடும், அவனுங்க பழைய அட்ரஸ்லயே தட்டிக்கிட்டு கெடப்பானுங்க. நம்ம ஏரியால எல்லாருக்கும் இதத்தான் சொல்றேன்.

பாக்கெட்_பாண்டி | 9:26
ராஜா, அவங்க யாரும் கரூரைக் குறி வச்சு அடிக்கல. ஐபிவி4 அட்ரஸ் முழுசையும் வரிசையா ஸ்கேன் பண்ற தானியங்கி ப்ரோக்ராமுங்க அது. புது ஐபி வாங்குனா அங்கயும் வந்து தட்டும்.

மூத்த_அட்மின் | 9:31
தம்பி, இன்புட் செயினுக்கும் ஃபார்வேர்ட் செயினுக்கும் வித்தியாசம் தெரியாம ஃபயர்வால்ல கை வைக்கக் கூடாது. ரவுட்டருக்கே வர்ற பாக்கெட் இன்புட். ரவுட்டரைத் தாண்டிப் போறது ஃபார்வேர்ட். நீங்க ஃபார்வேர்ட்ல போட்டிருப்பீங்க. தினம் நாலு பேர் இதையே கேக்குறாங்க. மேனுவல்னு ஒண்ணு இருக்கு.

கரூர்_தறி | 9:40
மைக்ரோடிக் ஹெக்ஸுங்க, 6.49. செயின் இன்புட்தான் சார். டிசிபி, டெஸ்டினேஷன் போர்ட் 22, இன் இன்டர்ஃபேஸ் ஈதர்1 (வெளி லைன் சொருகியிருக்கற போர்ட்), ஆக்ஷன் ட்ராப். லிஸ்ட்ல முதல் ரூலே அதுதான்.

மூத்த_அட்மின் | 9:43
அப்ப சரியாத்தான் இருக்கு. ஆபீஸுக்குள்ள உக்காந்துகிட்டே பப்ளிக் ஐபியை அடிச்சுப் பாத்திருப்பீங்க. அந்த பாக்கெட் லேன் (ஆபீஸ் உள் நெட்வொர்க்) பக்கமிருந்து வருது, ரூல் எப்படித் தடுக்கும்?

கரூர்_தறி | 9:45
இல்லீங்க, நான் இப்ப வீட்லதான் இருக்கேன். மொபைல் டேட்டாவுல அடிச்சாலும் பாஸ்வேர்டு கேக்குது.

பாக்கெட்_பாண்டி | 9:47
ரூலுக்கு நேரா பாக்கெட்ஸ்னு ஒரு கட்டம் இருக்கும். என்ன நம்பர் காட்டுது?

போர்ட்_2222 | 9:48
எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி? ஐபி மெனுல சர்வீசஸ் போய் எஸ்எஸ்ஹெச் போர்ட்டை 22-ல இருந்து வேற எதுக்காவது மாத்துங்க. என் பத்து கஸ்டமருக்கு அப்படித்தான். லாக் துடைச்ச மாதிரி இருக்கு.

மூத்த_அட்மின் | 9:52
லாக் சுத்தமா இருந்தா ரவுட்டர் பத்திரமா இருக்குன்னு யார் சொன்னது? 2018-ல வின்பாக்ஸ்ல (மைக்ரோடிக் ரவுட்டரை மேனேஜ் பண்ற சாஃப்ட்வேர்) ஓட்டை வந்தப்ப, அதோட பதிவு நம்பர் சிவிஇ-2018-14847, பாஸ்வேர்டே இல்லாம யூசர் லிஸ்ட் ஃபைலை உருவிட்டுப் போனாங்க. வெர்ஷன் 6.42.1-ல அடைச்சாங்க. உங்க கஸ்டமர் ரவுட்டர்ல வின்பாக்ஸ் போர்ட் 8291 வெளிய திறந்திருக்கா இல்லையா?

போர்ட்_2222 | 9:55
வின்பாக்ஸ் போர்ட்டையும் மாத்தி வச்சிருக்கேன் சார். என்னைக்கும் பிரச்சினை வந்ததில்ல.

மூத்த_அட்மின் | 9:57
வந்தது தெரிஞ்சிருக்காது.

போர்ட்_2222 | 9:58
உங்களுக்கு எப்பவும் மத்தவன் முட்டாள். பூட்டு போடாதேன்னா சொன்னேன்? போர்ட் மாத்துனா சத்தம் குறையும்னுதான் சொன்னேன்.

கேபிள்_ராஜா | 10:01
ரெண்டு பேர் சொல்றதும் கரெக்ட்தான். போர்ட்டை மாத்திட்டு ஐபியையும் மாத்துனா டபுள் சேஃப்டி.

கரூர்_தறி | 10:04
பாண்டி அண்ணா, பாக்கெட்ஸ் 0. பைட்ஸும் 0.

பாக்கெட்_பாண்டி | 10:06
0 காட்டினா ரூல் யாரையும் பாக்கவே இல்லைன்னு அர்த்தம். லைன் எப்படி வருதுன்னு முதல்லயே கேட்டேன், பதில் வரல.

கரூர்_தறி | 10:09
ஃபைபர்தாங்க. பொட்டியில இருந்து வயர் ஈதர்1-க்கு வருது. ரவுட்டர்ல கம்பெனி குடுத்த யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டாத்தான் நெட் வரும்.

பாக்கெட்_பாண்டி | 10:18
அதான் விஷயம். யூசர்நேம் பாஸ்வேர்டு கேட்டா அது பிபிபிஓஇ. ஈதர்1 மேல ஓடுறது பிபிபிஓஇ ஃப்ரேம் மட்டும். ஐபி பாக்கெட் ரவுட்டர் கண்ணுல படுறது அந்த லாகினுக்குன்னு இருக்கற பிபிபிஓஇ-அவுட்1 இன்டர்ஃபேஸ்ல. ஈதர்1-ஐ வச்சு எழுதுன ரூலுக்கு அது மாட்டவே மாட்டாது. பழைய டிஃபால்ட் கான்ஃபிக்ல ஈதர்1-னே எழுதியிருக்கும். வெர்ஷன் ஏத்தினாலும் ஃபயர்வால் தானா மாறாது, அதனால பல ஆபீஸ்ல இன்னும் இப்படியே கெடக்கு.

22-ஐ மட்டும் தடுக்காதீங்க. இன்புட்ல முதல்ல எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட் (ஏற்கனவே ஓடுற கனெக்ஷன், அதைச் சார்ந்தது) அக்செப்ட். அடுத்து லேன் பிரிட்ஜ்ல (உள் போர்ட்டுகளைச் சேத்து வைக்கிறது) இருந்து வர்றது அக்செப்ட். கடைசியா பிபிபிஓஇ-அவுட்1-ல வர்ற மத்த எல்லாம் ட்ராப். சர்வீசஸ்ல டெல்நெட், எஃப்டிபி, ஏபிஐ ரெண்டும் டிசேபிள். எஸ்எஸ்ஹெச்சுக்கும் வின்பாக்ஸுக்கும் அவைலபிள் ஃப்ரம்ல (எந்த ஐபில இருந்து உள்ள வரலாம்னு சொல்ற இடம்) லேன் ரேஞ்ச் குடுங்க, உதாரணத்துக்கு 192.168.88.0/24. அது ரெண்டாவது பூட்டுதான், ஃபயர்வாலுக்குப் பதில் ஆகாது.

கரூர்_தறி | 10:21
அப்ப நான் வீட்ல இருந்து எப்படிப் போறது? என் வீட்டு ஐபிக்கு மட்டும் அக்செப்ட் போட்டா?

பாக்கெட்_பாண்டி | 10:25
வீட்டு ரவுட்டர்ல வான் (வெளி லைன்) ஐபி என்ன காட்டுது?

கரூர்_தறி | 10:27
100.72-ல ஆரம்பிக்குது.

பாக்கெட்_பாண்டி | 10:34
100.64.0.0/10-க்குள்ள வருது, சிஜிநாட். வெளிய போறப்ப கம்பெனியோட பப்ளிக் ஐபி ஒண்ணை இன்னும் பல வீடுகளோட பங்கு போட்டுக்குறீங்க. அந்த ஐபியை அக்செப்ட் பண்ணா அந்த வீடுகளுக்கும் சேத்து வழி விட்டாச்சு. அது எப்ப மாறும்னும் சொல்ல முடியாது.

விபிஎன்தான் வழி. வயர்கார்ட்ங்கற விபிஎன் வெர்ஷன் 7-ல இருந்துதான் இருக்கு. ராத்திரி 10 மணிக்கு ரிமோட்ல 7-க்கு ஏத்தாதீங்க. இப்போதைக்கு எல்2டிபி-ங்கற விபிஎன், ஐபிசெக் என்க்ரிப்ஷனோட. யூடிபி 500, 4500, அப்புறம் ஐபிசெக்குக்குள்ள வர்ற 1701, ஐபிசெக்-ஈஎஸ்பி ப்ரோட்டோகால், இதுக்கெல்லாம் ட்ராப்புக்கு மேல அக்செப்ட். விபிஎன் ரேஞ்சுக்கும் அக்செப்ட். அவைலபிள் ஃப்ரம்லயும் அந்த ரேஞ்சைச் சேருங்க.

இன்னொண்ணு, கவனம். சேஃப் மோட் போட்டுட்டு ஆரம்பிங்க, கனெக்ஷன் அறுந்தா மாத்தினதெல்லாம் தானா பழைய நிலைக்கு வந்துடும். ஆனா எஸ்டாப்ளிஷ்டு ரூல் மேல இருக்கறதால நீங்க இப்ப இருக்கற செஷன் அறாது. எல்லாம் நல்லாருக்குன்னு சேஃப் மோடை விட்டு வெளிய வந்துடுவீங்க, அடுத்த தடவை கதவு திறக்காது. அதனால சேஃப் மோட்ல இருக்கும்போதே விபிஎன் வழியா ரெண்டாவது வின்பாக்ஸ் செஷன் திறந்து பாருங்க. உள்ள போச்சுன்னா மட்டும் வெளிய வாங்க.

மூத்த_அட்மின் | 10:41
அப்படியே மாட்டிக்கிட்டாலும் பயமில்ல. காலைல ஆபீஸ் போய் லேன்ல கேபிள் சொருகி வின்பாக்ஸ்ல ஐபிக்குப் பதிலா மேக் அட்ரஸை க்ளிக் பண்ணுங்க. மேக் சர்வர் ஆஃப் பண்ணாம இருந்தா இன்புட் ஃபயர்வால் அதைத் தடுக்காது.

பாக்கெட்_பாண்டி | 10:42
சார் சொன்னது நல்ல பாயிண்ட்.

போர்ட்_2222 | 10:44
மேனுவல் படிக்கச் சொல்லலையே இந்த தடவை 😄

கரூர்_தறி | 11:52
பிபிபிஓஇ-அவுட்1 மாத்தினதும் கவுண்டர் ஏற ஆரம்பிச்சிருச்சு, லாக் நின்னு போச்சு. எல்2டிபி-யும் வேலை செய்யுது. நன்றிங்க.

பாக்கெட்_பாண்டி | 11:58
நல்லது. படுக்கறதுக்கு முன்னாடி யூசர்ஸ் லிஸ்ட், சிஸ்டம்ல ஷெட்யூலர், ஸ்கிரிப்ட்ஸ், ஐபி-ல சாக்ஸ் (ப்ராக்ஸி), நாலையும் பாத்துடுங்க. நீங்க போடாத எதாச்சும் இருந்தா ஃபயர்வால் மட்டும் போதாது. கான்ஃபிக்கை அழிச்சுட்டு நெட்இன்ஸ்டால்ல (ரவுட்டர் சாஃப்ட்வேரை முதல்ல இருந்து ஏத்துற டூல்) புதுசா போடணும். 2021-ல மேரிஸ் பாட்நெட் (திருடங்க கையில மாட்டின ரவுட்டர் கூட்டம்) வந்தப்ப, அதுல இருக்கறது 2018-ல மாட்டின அதே ரவுட்டர்கள்தான்னு மைக்ரோடிக்கே சொன்னாங்க. வெர்ஷன் ஏத்திட்டு பாஸ்வேர்டை மாத்தாம விட்டவங்க. லாகின் பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்துங்க.

பாக்கெட்_பாண்டி | மறுநாள் காலை 8:05
பாத்தீங்களா?

வைகை_நெட் | மறுநாள் பகல் 1:30
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். இதே ரூல் எங்களுக்கும் வேணும், ஆனா எங்களுக்கு ரெண்டு லைன். ஒண்ணு பிபிபிஓஇ, இன்னொண்ணு விலான் (ஒரே வயர்ல தனியா பிரிச்ச நெட்வொர்க்) மேல ஸ்டாட்டிக் ஐபி. ரூல் ரெண்டு தடவை எழுதணுமா?

பாக்கெட்_பாண்டி | 1:47
வேண்டாம். இன்டர்ஃபேஸ் லிஸ்ட்ல லேன்னு ஒண்ணு வச்சு பிரிட்ஜை அதுல சேருங்க. கடைசி ரூல்ல இன் இன்டர்ஃபேஸ் லிஸ்ட் "லேன் அல்லாதது", ட்ராப். நாளைக்கு மூணாவது லைன் வந்தாலும் மாட்டும். பிரிட்ஜை லிஸ்ட்ல சேத்த பிறகுதான் ரூலை எனேபிள் பண்ணணும், இல்லேன்னா நீங்களே வெளிய. வெர்ஷன் 7-னா ஐபிவி6 ஃபயர்வாலையும் தனியா பாருங்க, இந்த ரூல் எதுவும் அந்தப் பக்கம் போகாது.