இழை: கலப்பினத் திராட்சை இனிப்பு ஒயின் – சொல் வேண்டும் (அவசரம்)

ம.:
அன்பு நண்பர்களே, உணவகப் பரிமாறுநர் பயிற்சிக் கையேட்டை நாளை ஒப்படைக்க வேண்டும். ஒரு பக்கம் பாக்கி. மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1996இல் வெளியிட்ட ஃபிரான்டெனாக் என்ற கருந்திராட்சை. அதிலிருந்து, சாப்பாடு முடிந்தபின் சிறு கோப்பையில் தரும் இனிப்பான சிவப்பு ஒயின். திராட்சைக்கு 'வீரிய ஒட்டு', ஒயினுக்கு 'உணவுக்குப்பின் மது' என்று போட்டிருக்கிறேன். இரண்டாவது மருந்துச்சீட்டு போல இருக்கிறது. கூடச் சாப்பிட ஏற்ற பண்டத்துக்கும் ஒரு சொல் தேவை.

செ.:
அம்மா, மது வடசொல். நம்மிடம் தேறல் இருக்கிறதே! 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' (புறம் 56) என்று நக்கீரர் சொல்வது கப்பலில் வந்த ஒயினைத்தானே? தீம் + தேறல் = தீந்தேறல், தீந்தமிழ் போல. சிவப்பும் வேண்டுமென்றால் செந்தீந்தேறல். திராட்சையும் வடசொல், கொடிமுந்திரி என்க. தேறு என்றால் தெளி. வண்டல் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். தேற்றம், தேற்றாங்கொட்டை, தேர்வில் தேறுவது, உடம்பு தேறுவது எல்லாம் ஒரே குடும்பம்.

வே.:
ஐயா, 'செந்தீ' என்று தொடங்கினால் பரிமாறுபவர் தண்ணீர் வாளியைத் தேடுவார். கொடிமுந்திரி என்றால் முந்திரிப்பருப்பை எடுத்து வருவார்.

ம. அக்கா, எனக்கு உறுத்துவது 'ஒட்டு'. விதைக் கடையில் வீரிய ஒட்டு என்றால் கலப்பினம், சரி. திராட்சையிலோ ஒட்டு என்றால் மெய்யாகவே ஒட்டுவது. 1860கள் தொட்டு பிரான்சில் ஃபிலாக்சரா பூச்சி வேர்களை அரித்துத் தோட்டங்களை அழித்தபோது, அமெரிக்க வேர்த்தண்டில் ஐரோப்பியக் கொடியை ஒட்டித்தான் பிழைத்தார்கள். அதில் காய்ப்பது கலப்பில்லாத ஐரோப்பியப் பழமே. ஃபிரான்டெனாக் மகரந்தக் கலப்பில் பிறந்தது: ஒரு பக்கம் லாண்டோ 4511 என்ற பிரெஞ்சுக் கலப்பினம், மறுபக்கம் ரிபேரியா என்ற வட அமெரிக்கக் காட்டுத் திராட்சை. கடுங்குளிரைத் தாங்கும் குணம் காட்டுப் பக்கத்தின் சீதனம். ஒட்டு என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

இ.:
பண்டத்தை மறந்துவிட்டீர்களே. 'இணை உணவு' குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கொடுப்பது, வேண்டாம். 'தொடுகறி' சோற்றை விட்டு நகராது. இந்தத் திராட்சையில் புளிப்பு அதிகம், செர்ரி மணம். நொதிக்கும்போது நடுவில் பிராந்தி ஊற்றினால் ஈஸ்ட் அடங்கிவிடும். மிஞ்சும் சர்க்கரை புளிப்பைச் சமன் செய்யும். கசப்புச் சாக்லெட், நீலப்பூசணப் பாலாடைக்கட்டி, அக்ரூட் எல்லாம் அதற்கு ஒத்துப்போகும். பண்டம் ஒயினைவிடத் தித்தித்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். ஆக, 'பொருந்தும் பண்டம்' போதாதா?

செ.:
பண்டத்தில் எனக்குச் சண்டை இல்லை. தேறலுக்குத் தேன் என்றும் அகராதிப் பொருள் உண்டு; எனவே 'தீம்' மிகை என்று யாராவது மறுப்பீர்கள் எனக் காத்திருந்தேன். ஒருவரும் அகராதியைத் திறக்கவில்லை.

வே.:
திறந்தால் நாளைக்குள் முடியாது ஐயா.

ம.:
சரி, வே., இ. இருவர் பக்கம் சாய்கிறேன்: கலப்பினத் திராட்சை, இனிப்புச் சிவப்பு ஒயின், பொருந்தும் பண்டம். ஐயாவுக்காக முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் தீந்தேறல்.

செ.:
அடைப்புக்குறிக்குள்ளா! உங்கள் அவசரம் புரிகிறது, அனுப்புங்கள். கொடிமுந்திரி பற்றி நாளை தனி இழை தொடங்குகிறேன்.