பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்னை பிரவுனிங் தலையில் கட்டாதீர்கள்

கருமருந்து:
பக்கத்து இழையில் ஆர்வலன் இப்படி எழுதியிருக்கிறார்: "பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் ஜான் பிரவுனிங்கின் கண்டுபிடிப்பு. வின்செஸ்டர் 1897தான் முதல்." அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரவுனிங், வின்செஸ்டர் கம்பெனிக்குச் செய்து கொடுத்த மாடல் அது. படித்ததும் வயிறு எரிந்தது. இன்னொரு அமெரிக்கரான கிறிஸ்டோபர் ஸ்பென்சர் பம்ப் ஷாட்கன்னுக்கு 1882-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கனெக்டிகட் மாநிலத்து விண்ட்சரில் தயாராகி, 1880-களிலேயே கடைக்கு வந்த துப்பாக்கி அது. குழலுக்கு அடியில் ஒரு குழாய், அதற்குள் தோட்டா வரிசை. முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்தது ஏறும். இதற்குப் பெயர் பம்ப் இல்லாமல் வேறென்ன? பிரவுனிங் மேதைதான், நானும் கும்பிடுகிறேன். அதற்காக ஊரான் பிள்ளைக்கு அவர் பெயரை வைப்பதா?

ஆர்வலன்:
ஐயா மறுபடியும் கம்போடு வந்துவிட்டார். ஸ்பென்சர் கம்பெனி என்ன ஆச்சு? திவால். வின்செஸ்டர் 1897 பத்து லட்சத்துக்கு மேல் போனது, 1957 வரை தயாரித்தார்கள். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் அது பண்ணிய வேலை தாங்காமல் 1918 செப்டம்பரில் ஜெர்மனி அதிகாரபூர்வமாகவே எதிர்ப்புத் தெரிவித்தது. ஸ்பென்சரைப் பார்த்து எந்த நாடு பயந்தது?

கருமருந்து:
எத்தனை விற்றது என்று நான் கேட்கவே இல்லையே. 1882 முந்தியா, 1897 முந்தியா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

இரட்டைக்குழல்:
ரெண்டு பேருமே தப்பு. 1897க்கு முன்னாடி அதே பிரவுனிங் பண்ணின 1893 மாடல் இருக்கு. புகையில்லா வெடிமருந்துத் தோட்டாவை அது தாங்கல, அதனாலதான் பலப்படுத்தி 1897ன்னு விட்டாங்க. இது தெரியாமலா "முதல்"னு எழுதுனீங்க ஆர்வலன்? கருமருந்து அண்ணே, உங்க 1882ம் முதல் இல்ல. அலெக்சாண்டர் பெய்ன் பிரிட்டன்ல இதே பம்ப் யோசனைக்கு 1854லயே காப்புரிமை வாங்கிட்டார்.

கருமருந்து:
பெய்ன் வாங்கியது காகிதம். காகிதம் சுடுமா?

இரட்டைக்குழல்:
கோர்ட்டுல நல்லாவே சுட்டுச்சு! நியூயார்க்ல ராணுவப் பழஞ்சரக்கு வித்த பிரான்சிஸ் பேனர்மன், ஸ்பென்சரோட உரிமையை வாங்கி வச்சிருந்தார். வின்செஸ்டரோட 1893 மாடல் வந்ததும் "என் காப்புரிமையைத் திருடிட்டான்"னு வழக்குப் போட்டார். வின்செஸ்டர் தரப்பு ஐரோப்பா வரைக்கும் ஆள் அனுப்பி, பெய்னோட 1854, கர்ட்டிஸோட 1866ன்னு பழைய காப்புரிமைகளைத் தோண்டி எடுத்து முன்னால வச்சது. பேனர்மன் தோத்தார்.

கருமருந்து:
வழக்கில் தோற்றால் துப்பாக்கி இல்லாமல் போய்விடுமா? பெய்ன் துப்பாக்கி ஒன்று எந்தக் கடையில் விற்றது, சொல்லுங்கள். ஸ்பென்சர் துப்பாக்கி கடையில் இருந்தது. 1882!

ஆர்வலன்:
நல்லாயிருக்கு நியாயம். நான் விற்பனையைச் சொன்னால் "அதைக் கேட்கவில்லை". பெய்ன் என்றதும் "எந்தக் கடையில் விற்றது". லீ என்ஃபீல்டு ரைஃபிள் இழையிலும் இதே கதைதான். பத்துத் தோட்டா பிடிக்கும் பெட்டியை எட்டு என்று எழுதிவிட்டு, மூன்று பக்கம் எங்களைத் திட்டினீர்கள். இன்றுவரை திருத்தவில்லை.

கருமருந்து:
அது தட்டச்சுப் பிழை என்று அன்றைக்கே சொன்னேன். மூன்று வருஷமாக அந்த எட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்.

சொல்லேர்:
எல்லாரும் ஷாட்கன், ஷாட்கன் என்கிறீர்களே, வலிக்கவில்லையா? தோட்டாவுக்கு உள்ளே இருப்பது சின்னச் சின்னக் குண்டுகள், அதாவது ரவை. ரவைத் துப்பாக்கி என்று எழுத எது தடுக்கிறது?

இரட்டைக்குழல்:
ரவைன்னா எங்க ஊர்ல உப்புமா.

சொல்லேர்:
வேட்டைக்காரர்கள் வாயில் இன்றும் இருக்கும் சொல் அது. தெரியாததைக் கிண்டல் செய்வது எளிது.

இரட்டைக்குழல்:
எங்க தாத்தா லைசென்ஸோட 12 போர் ஷாட்கன் வச்சிருந்தவர். எனக்குப் பாடம் எடுக்காதீங்க.

பழைய பட்டறை:
ஸ்பென்சர், ஸ்பென்சர் என்கிறீர்களே, 1882 காப்புரிமையில் சில்வெஸ்டர் ரோப்பர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. சுழலும் அமைப்பில் நான்கு தோட்டா போட்டு அடுத்தடுத்துச் சுடும் ரிப்பீட்டிங் ஷாட்கன்னுக்கு 1866-லேயே காப்புரிமை வாங்கியவர் அவர். நீராவி சைக்கிள் செய்து, 1896-ல் அதை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உயிரை விட்ட மனிதர். அவரை ஒருவரும் நினைப்பதில்லை. முதல் என்றால் யோசனையா, விற்பனையா என்று ஒருமுறை பேசி முடிவு செய்துவிடலாமே?

கருமருந்து:
ரோப்பர் பெரியவர், சரி. ஆனால் அவருடைய 1866 பம்ப் கிடையாது. ஸ்பென்சர் பெயரைப் பின்னால் தள்ள ஆளாளுக்கு ஒருவரைக் கூட்டி வருகிறீர்கள். 1860-ல் ஏழு தோட்டா ரிப்பீட்டிங் ரைஃபிளுக்குக் காப்புரிமை வாங்கியவர் அவர். 1863 ஆகஸ்டில் வாஷிங்டனில் ஜனாதிபதி லிங்கனே அதைச் சுட்டுப் பார்த்தார். அந்த மனிதர் செய்த கடைசிப் பெரிய துப்பாக்கியையும் வின்செஸ்டர் கணக்கில் எழுதினால் நான் சும்மா இருக்க மாட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்: 1882.

ஆர்வலன்:
1887-ல் வின்செஸ்டருக்கு, நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் லீவர் ஷாட்கன் செய்யும்போதே, பம்ப்தான் நல்லது என்று பிரவுனிங் சொன்னார். லீவர்தான் எங்கள் அடையாளம் என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்தது. யோசனை அவரிடம் அப்போதே இருந்தது.

கருமருந்து:
அப்போதே என்றால் எப்போது? 1882க்கு ஐந்து வருஷம் கழித்து. உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள், நன்றி.

ஆர்வலன்:
சரி, பிரவுனிங்கின் ஆட்டோ-5க்கு என்ன சொல்லப்போகிறீர்கள்? சுட்டதும் குழலே பின்னால் வந்து, தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி. ராயல்டி தர மாட்டோம் என்றது வின்செஸ்டர். போட்டிக் கம்பெனியான ரெமிங்டனுக்குப் போனார். 1902 ஜனவரியில் அங்கே காத்திருந்தபோதே அதன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துபோனார். பிரவுனிங் கப்பலேறி பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனத்துக்குப் போய்க் கொடுத்தார். 1998 வரை அதைச் செய்தார்கள். இப்படிப்பட்டவரையா ஸ்பென்சருக்குக் கீழே வைக்கிறீர்கள்?

கருமருந்து:
கீழே வைத்தேனா? எந்த வரியில்? ஆட்டோ-5 அவருடையதுதான், அதை யார் கேட்டார்கள்? ராயல்டியை மறுத்த வின்செஸ்டர், அவருடைய காப்புரிமைகளைச் சுற்றிக்கொண்டு போக 1911 மாடலைச் செய்து, குழலையே கையால் பிடித்து இழுக்க வைத்து, இழுப்பவனுக்கே ஆபத்தாகி, 'விதவையாக்கி' என்று பெயர் வாங்கியது. உங்கள் தலைவரை அழவைத்த கம்பெனிக்குத்தான் நீங்கள் இவ்வளவு நேரம் கொடி பிடித்தீர்கள்.

ஆர்வலன்:
தலைப்பை மாற்றாதீர்கள்.

கருமருந்து:
ஆட்டோ-5ஐ இழுத்துக்கொண்டு வந்தது நானா? பக்கத்து இழையில் "1897தான் முதல்" என்ற வரி இன்னும் அப்படியே நிற்கிறது. முதலில் அதை அழியுங்கள்.

ஆர்வலன்:
நீங்கள் அந்த எட்டைத் திருத்துங்கள், அப்புறம் பார்க்கலாம்.

இரட்டைக்குழல்:
ரெண்டு பேரும் 1854க்கு இன்னும் பதில் சொல்லல.

கருமருந்து:
காகிதம் சுடாது என்று சொல்லிவிட்டேனே!