நாகை கப்பலை நம்பி இரண்டு அறை கட்டலாமா?

மாவிட்டபுரத்தான்:
வணக்கம். எங்கள் வீடு யாழ்ப்பாணப் பக்கம் மாவிட்டபுரத்தில். காங்கேசன்துறைத் துறைமுகம் ஓட்டோவில் பத்து நிமிடம்கூட இல்லை. 1990இல் போரில் விட்டுவிட்டு ஓடிய காணி. திரும்பக் கிடைத்தபோது கிணறும் நாலு பனையும்தான் மிச்சம். இப்போது ஒரு வீடு எழுப்பியிருக்கிறேன். நாகபட்டினத்திலிருந்து கப்பலில் வருகிற ஆட்கள் தங்க இரண்டு அறை போடுவோம் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். கடன் எடுத்துத்தான் கட்ட வேண்டும்.

2023 ஒக்டோபரில் முதல் கப்பல் வந்தது. ஒரு கிழமைக்குள் நின்றுபோனது. 2024 ஓகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற வேறு கப்பல். அதுவும் நவம்பரில் நின்று, அடுத்த பெப்ரவரியில்தான் திரும்ப வந்தது. இதை நம்பி இறங்கலாமா?

நாகைக்காரன்:
அண்ணா, எங்கள் வீட்டில் அப்பா காலம்வரை கடல் தொழில்தான். வாடைக்காற்று எழும்பினால் எங்கள் பக்கம் விசைப்படகே கரையில் கட்டிக் கிடக்கும். ‘சிவகங்கை’ 150 பேர் போகிற சின்னக் கப்பல். அதை மார்கழிக் கடலில் விடச் சொல்ல முடியுமா? அதனால் ஐப்பசி முதல் தை வரை கப்பல் வராது என்றே கணக்குப் போடுங்கள். மீதி மாத வருமானத்தில் வருஷக் கடனைக் கட்ட முடியுமா, அதுதான் கேள்வி.

நான் ஒருமுறை வந்தேன். நாலு மணி நேரப் பயணம். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள், அப்புறம் பாதிப் பேர் கையில் பிளாஸ்டிக் பை. எனக்குப் பக்கத்து இருக்கைப் பாட்டி மட்டும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஜம்மென்று வந்து சேர்ந்தார்.

கே.கே.எஸ் (காங்கேசன்துறை) துறைமுக வேலைக்கு 61.5 மில்லியன் டாலரை இந்தியா நன்கொடையாகவே தருவதாக 2024இல் முடிவானது. பாக் நீரிணை ஓரத்துத் துறைமுகத்தை டெல்லி சும்மா விடாது. ஆனால் அந்த அக்கறையில் உங்கள் அறை நிரம்பாது. ஆழப்படுத்தி, சரக்கும் ஏற்றுகிற பெரிய கப்பல் வந்தால்தான் டிக்கெட்டை மட்டும் நம்பாமல் சேவை ஓடும்.

பழைய பயணி:
1914 முதல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடியது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்து, எண்பதுகளில் போர் வந்துதான் நின்றது. இரண்டு கரையிலும் ரயில் காத்திருந்ததுதான் அதன் பலம். 2011இல் வந்த தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் சில மாதம்தான் தாங்கியது. கே.கே.எஸ்வரை ரயில் வருகிறது, நாகையிலும் ஸ்டேஷன் இருக்கிறது. நேரத்தைப் பொருத்தித் தருவார்களா, பார்ப்போம்.

இணுவில் பெடியன்:
அண்ணை, கப்பலை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்? பலாலி விமான நிலையமும் உங்களுக்குக் கிட்டத்தான். ஆடி அமாவாசைக்குப் பக்கத்துக் கீரிமலைக்குத் தீர்த்தமாட வருகிற சனத்துக்கு ஒரு அறை கிடைக்கிறதா சொல்லுங்கள்?

மாவிட்டபுரத்தான்:
கீரிமலைக் கதை எனக்குத் தோன்றவே இல்லை தம்பி. சரி, கடனில்லாமல் ஒரு அறை. மகன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். நாகைத் தம்பி, அடுத்த முறை வந்தால் இங்கேயே தங்கலாம். எலுமிச்சை மரம் கிணற்றடியில் நிற்கிறது.